கிடங்குப் புகை

இனாஸ் மச்சான் வாழைப்பழம் தின்கிற விதத்தைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. முழுப் பழத்தையும் ஒரேயடியாக வாய்க்குள் திணித்துக்கொண்டு, கன்னம் புடைக்கக் கதைப்பார். தின்று முடிந்ததும் தோலை நின்ற இடத்திலேயே போட்டுவிட்டுப் போவார். என் கணவர் ஜபாருக்கு அவர் மூத்த நானா, கூடப் பிறந்த அண்ணன். அந்த ஒரு காரணத்துக்காகக் கலியாணமாகி வந்த நாள் முதல் அந்தத் தோல்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

மாம்புரியில் எங்கள் வளவும் அவர் வளவும் ஒரே காணிதான். நடுவில் ஒரு வேலிகூட இல்லை. கடல் பக்கம் என் தக்காளிக் கூடாரம். ஜபார் கத்தாரில் வேகுகிற வெயிலில் நின்று அனுப்பியதில் போட்ட பொலித்தீன் கூடாரம் அது. மறுபுறம், கடல்நீர் ஏறி நிற்கிற களப்புப் பக்கம் இனாஸ் மச்சானின் புகைக்கிடங்குகள். மண்ணில் ஆழமாகக் கிடங்கு வெட்டி, பச்சைக் கதலிக் குலைகளை அடுக்கி, பலகையும் வாழையிலையும் போட்டு மண்ணால் மூடி, ஒரு பக்கத்து ஓட்டையால் தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையை உள்ளே ஊதி விடுவார். இரண்டொரு நாளில் காய்கள் மஞ்சள் பிடித்துவிடும்.

ஓகஸ்ட் மாதம் அவர் வாயெல்லாம் பல். தலவிலை அன்னம்மாள் திருவிழா, முன்னேஸ்வரம் திருவிழா, உடப்புத் திரௌபதையம்மன் தீமிதிப்பு என்று வரிசையாக வரும். எல்லோருக்கும் பழம் வேண்டும். ஒரு கிடங்கு மூன்றாகும். கிடங்கைத் திறக்கும்போது வருகிற வாடையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. புகை, பழச்சாறு, அழுகிய இலை, எலி மூத்திரம் எல்லாம் ஒன்றாய்க் கலந்து தொண்டைக்குள் இறங்கி நிற்கும். உடுப்பைத் தோய்த்துக் காயப்போட்டால் அதிலும் அதே வாடைதான்.

கூடாரத்தில் எனக்கு உதவியாக இருந்தவன் கேதீஸ்வரன். உடப்பு ஆள். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தும் செடியோடு மல்லுக்கட்டுவதுதான் அவனுக்குப் பிடித்தது. கிழமைக்கொரு தரம் ஊருக்குப் போய்விட்டு வருவான். இந்த வருடம் தீமிதிப்புக்கு நேர்த்தி வைத்துக் காப்புக் கட்டியிருந்தான். விரதம் என்பதால் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். தனியாக ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவருவான். திருவிழா முடியும் வரை லீவு வேண்டும் என்று அவன் கேட்டதற்கு நான் ஓம் என்றேன். இனாஸ் மச்சான் குறுக்கே வந்து, "கூலிக்காரனுக்கு என்னத்துக்கு அவ்வளவு நாள்?" என்று அவனோடு வாய்த்தர்க்கப்பட்டார். என் கூடாரத்தின் வேலையாளுக்கு லீவு மறுக்க அவர் யார் என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் அப்படி யாரும் கேட்பதில்லை.

அந்தக் கிழமை என் உம்மாவுக்குக் கண் ஒபரேஷன். நான் புத்தளத்தில் நின்றேன். கடற்காற்றும் அந்த நாட்களில்தான் திடீரென்று விழுந்துபோனது. திரும்பி வந்து கூடாரத்துக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வரிசைக்கு வரிசை தரை மஞ்சளாகக் கிடந்தது. அவ்வளவும் தக்காளிப் பூ. நான் போகும்போது கொத்துக் கொத்தாக நின்ற பூக்கள். செடியில் ஒன்று இரண்டு தொங்கியது, கை பட்டதும் அதுவும் விழுந்தது. அடுத்த பறிப்பு முழுவதும் மண்ணில் கிடந்தது. வயிற்றெரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனாஸ் மச்சான் வாசலில் வந்து நின்றார். கையில் பழம்.

"பாத்தியா ஒன்ட ஆளு செஞ்ச வேலய? லீவுக்கு நான் ஏசினதுக்குப் புல்லு மருந்த அடிச்சிட்டுப் போயிரிக்கான். தென்னங்காணிப் பக்கம் வெறும் போத்தல் ஒண்டும் கிடந்திச்சி. நாலு பேருக்கு முன்னால கேட்டன். முழிச்சிட்டு நிண்டான். தொரத்திட்டன்."

"கேதீஸா? அவன் செய்ய மாட்டான் மச்சான்."

"செய்யல்லண்டா என்ன பயம்? தீ மிதிக்கப் போறவன் தானே, ஒன்ட கால் வெந்திச்செண்டா உலகத்துக்கே வெளங்கும் எண்டு சொல்லித்தான் அனுப்பினன்." சிரித்தார். பற்களுக்கிடையில் பழம் அப்பியிருந்தது. தோலைக் கூடார வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்.

தன் மார்க்கத்தில் இல்லாத ஒன்றை வைத்து இன்னொருவனைக் கட்டிப்போடுகிற இந்தச் சாமர்த்தியம் எங்கிருந்துதான் வருகிறதோ. அம்மனை அவர் நம்பமாட்டார். ஆனால் அந்த அம்மனின் தணல் தனக்காகத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவார்.

அன்று பின்னேரம் கேதீஸின் மனைவி மயூரதி எனக்கு ஃபோன் எடுத்தாள். எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி அவளும் என்னை ராத்தா என்பாள்.

"ராத்தா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. பழ லொறிக்காரன் வந்து ஊர் முழுக்கக் கதையைப் பரப்பிட்டான். வெட்டை வெளியில நடக்க முடியல்ல. எல்லாரும் இவர்ட முகத்தைப் பாக்கல்ல, காலைத்தான் பாக்கிறாங்க."

"அவன் செய்யல்ல எண்டு எனக்குத் தெரியும் மயூரதி."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன? ஒவ்வொரு வருசமும் எத்தனை பேருக்குக் கால் கொப்பளிக்குது. மஞ்சளைப் பூசிட்டுப் போவாங்க, ஆரும் கேக்கிறதில்ல. இந்த முறை இவருக்கு ஒரு கொப்புளம் வந்தாலும் இவர்தான் மருந்தடிச்சது எண்டுதான் சொல்லுவாங்க. ஒரு பொடியன் இவர்ட காலை ஃபோன்ல நேரலையாக் காட்டப் போறானாம். மிதிக்காம நிண்டாலும் பயந்திட்டான் எண்டுவாங்க. நான் என்ன செய்ய, ராத்தா?"

ஃபோனை வைத்த பிறகு என் தோலில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. ஒரு மனிதன் நேர்த்தி வைத்து நடக்கிறான். அவன் எப்போது வேகுவான் என்று ஒரு கூட்டம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறது. மச்சான் மட்டும்தான் அழுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஜபாருக்குச் சொன்னேன். "நானாவோட பகைக்காத. ஒரு வேலையாளுக்காகக் குடும்பத்த உடைப்பாங்களா?" என்றார். அத்தோடு அந்தக் கதையை வெட்டினேன்.

அடுத்த நாள் காலை கூடாரத்துக்குள் போய்ச் செடி செடியாகப் பார்த்தேன். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போகாவிட்டாலும் படித்தது மண்டையை விட்டுப் போகவில்லை. புல்லைக் கொல்கிற மருந்து பட்டிருந்தால் குருத்து முறுக்கும், இலை எரியும். இங்கே ஓர் இலைகூட எரியவில்லை. பச்சையாகவே இருந்தன. ஆனால் எல்லா இலைக்காம்புகளும் கீழ்நோக்கி வளைந்து தொங்கின. தண்ணீர் போதாமல் வாடியதோ என்று மண்ணைக் கிளறினேன், ஈரம் இருந்தது. கிணற்றில் உப்பு ஏறிவிட்டதோ என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதுவும் இல்லை. விழுந்த பூவொன்றை எடுத்துக் காம்பைப் பார்த்தேன். காம்பில் ஒரு கணு இருக்கும். அந்தக் கணுவில் சுத்தமாகக் கழன்றிருந்தது. யாரும் பிய்க்கவில்லை, செடியே கழற்றி விட்டிருக்கிறது.

செடிக்குக் கண்ணும் காதும் இல்லாவிட்டாலும் சுற்றியிருப்பது எல்லாம் அதற்குத் தெரியும். இந்தக் கடற்கரைக் காற்றில் வெளியே நிற்கிற செடி உயராமல் தண்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும். வேரில் உப்பு பட்டால் இலையின் நுண்ணிய வாய்களை மூடிக்கொண்டு தண்ணீரை மிச்சம் பிடிக்கும். அதற்கெல்லாம் அதன் உடம்புக்குள்ளேயே சேதி கொண்டு போகிற ஹோர்மோன்கள் உண்டு. அதிலொன்று காற்றாகவே இருக்கும், எதிலீன். வேர் தண்ணீரில் மூழ்கினாலோ தண்டு காயப்பட்டாலோ செடி அந்தக் காற்றை விடும். பூவைப் பிடித்து வைத்திருக்கிற கணுவுக்கு அது போய்ச் சொல்லும், காலம் சரியில்லை, விட்டுவிடு என்று. பழுக்கிற பழமும் அதே காற்றைத்தான் விடும். பொச்சுமட்டைப் புகையிலும் அது இருக்கும். மச்சானின் காயைப் பழுக்க வைப்பதே அதுதான்.

நான் எழும்பி களப்புப் பக்கம் பார்த்தேன். கடற்காற்று திரும்பியிருந்தது, கிடங்குகளின் புகை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வழக்கமாகக் கடற்காற்று அதைக் களப்பின் மேலே தள்ளிக்கொண்டு போய்விடும். காற்று விழுந்த நாட்களில் அது தரையோடு படிந்து, வலை போட்டிருந்த களப்புப் பக்கத்தால் கூடாரத்துக்குள் வந்திருக்கிறது. கடல் பக்கத்தை உப்பும் மண்ணும் வராமல் பொலித்தீனால் இழுத்து மூடியிருந்தோம். வந்த புகை போக வழியில்லை. என் செடிகள் பொய்யை நம்பிப் பூவைக் கொட்டியிருக்கின்றன. உடப்புச் சனத்தைப் போலவேதான்.

ஆனால் நினைப்பது வேறு, காட்டுவது வேறு. குசினிக்குப் பின்னால் சாடியில் நின்ற தக்காளிச் செடிகள் புகைக்குத் தூரமாக இருந்ததால் பூவோடு நின்றன. அவற்றில் இரண்டு கொப்புகளை வெட்டி, சின்னப் போத்தல்களில் தண்ணீர் விட்டு நிறுத்தினேன். கடைகளில் டொபி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் போத்தல் இரண்டு எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பை இறக்கினேன். ஒன்றில் மட்டும் மச்சானின் கிடங்கிலிருந்து எடுத்த பழுத்த கதலிகளைப் போட்டேன். இரண்டையும் இறுக மூடி அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் பழம் கிடந்த போத்தலில் இலைகள் தலை தொங்கின. அதற்கு அடுத்த நாள் போத்தலைக் கையில் தூக்கினேன், பூக்கள் பொலபொலவென்று விழுந்தன. மற்றப் போத்தலில் கொப்பு போட்டபடியே இருந்தது.

மச்சானை அப்போதும் நான் முழுக்க வெறுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தெரியாமல் வந்த பிழை, தெரிந்தால் அந்த மனுசனும் வெட்கப்படுவார் என்றுதான் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு கிடங்கடிக்குப் போனேன். அவர் அழுகல் குலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். முழங்கை வரை பிசுபிசுவென்று சாறு. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"அது எனக்குத் தெரியும் புள்ள," என்றார்.

"என்ன தெரியும்?"

"இந்தக் கிடங்கு வெட்டக்குள்ளயே அந்த விவசாயப் போதனாசிரியர் சொன்னவர். பக்கத்துல தக்காளி, மொளகா வெக்காதீங்க, பொகைக்குப் பூ கொட்டும் எண்டு. காத்து இழுத்துட்டுப் போவுதுதானே எண்டு நானும் விட்டுட்டன். அண்டைக்குப் பாத்த ஒடனே எனக்கு வெளங்கிட்டு."

"வெளங்கிட்டா? அப்ப கேதீஸ என்னத்துக்கு?"

"வேற என்ன செய்யச் சொல்ற? என்ட பொகைதான் எண்டு சொல்லி திருவிழா நேரம் கிடங்க மூடவா? நாளைக்குப் பெரிய லொறி உடப்புக்குப் போகணும். எல்லாம் முடியட்டும். அவன்ட கால் வேகாட்டி கத தன்னால அடங்கிடும்."

"வெந்தா?"

தோளைக் குலுக்கினார். "வெந்தா அது அவனுக்கும் அவன்ட அம்மனுக்கும் உள்ள விசயம்." கையை உதறிவிட்டு, ஒதுக்கிய அழுகலில் நல்ல பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

நான் தென்னையடிக்குப் போய் வாந்தி எடுத்தேன். கிடங்கு வாடைக்கு எடுத்தேனா அந்தப் பேச்சுக்கு எடுத்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குள் வந்து படுத்தேன். ஜபார் இரண்டு தரம் ஃபோன் எடுத்தார். நான் தூக்கவில்லை.

மறுநாள் காலையில் அபாயாவைப் போட்டுக்கொண்டு, இரண்டு போத்தலையும் ஒரு சாக்குப் பையில் வைத்து பஸ் ஏறினேன். பாலாவியில் இறங்கி மற்ற பஸ் பிடித்து, சந்தியிலிருந்து ஓட்டோவில் உடப்புக்குப் போனேன். வழியெல்லாம் பை மடியில். பழம் நன்றாகக் கனிந்து அந்த வாடை மூடியையும் தாண்டி வந்தது. பக்கத்தில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கோயில் வெளியில் தணலுக்கான விறகு மலைபோலக் குவிந்திருந்தது. அடுத்த நாள்தான் தீமிதிப்பு. மடைப்பள்ளிப் பக்கம் எங்கள் லொறி நின்றது. இனாஸ் மச்சானே நின்று குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார். திருவிழா வேலைகளைப் பார்க்கிற பெரியவர் வீரகத்தி குலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஓரத்தில் மஞ்சள் வேட்டியோடு கேதீஸ். அவனைச் சுற்றி நாலடி தூரத்துக்கு யாரும் இல்லை. என்னைக் கண்டதும் மயூரதி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"பெரியவர், ஒரு விசயம் சொல்ல வந்தன்," என்றேன். "என்ட தக்காளிப் பூ கொட்டினதுக்கும் கேதீஸுக்கும் சம்பந்தமில்ல."

மச்சான் கையில் இருந்த குலையோடு திரும்பினார். "ஷஃபீனா, வீட்டுக்குப் போ."

நான் போத்தல்களை வெளியே எடுத்து வைத்தேன். சனம் கூடிவிட்டது. ஒரே செடியின் இரண்டு கொப்பு, பழம் போடாதது இது, பழம் போட்டது இது என்று காட்டினேன். "பழம் பழுக்கக்குள்ள ஒரு காத்து விடும். கிடங்குப் பொகையிலயும் அதே காத்துத்தான். காய்க்குப் பட்டா பழுக்கும், பூச்செடிக்குப் பட்டா பூ கொட்டும். காத்து விழுந்த அன்னைக்குப் பொகை என்ட கூடாரத்துக்குள்ள வந்திட்டு. இது இவருக்கும் தெரியும். முந்தியே சொல்லியிரிக்காங்க."

"பொம்புளக் கத," என்றார் மச்சான், சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி. "போத்தலுக்குள்ள போட்டு மூடினா எந்தப் பூவும் விழும் பெரியவர்."

"அப்ப மற்றப் போத்தல்ல ஏன் விழல்ல?" என்று வீரகத்தி கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல."

அப்போது மயூரதி முன்னால் வந்தாள். ஒல்லியான பெண். ஆனால் அவள் குரல் அந்த வெளி முழுக்கக் கேட்டது.

"முதலாளி, என்ட புருசனைத் தீயில காட்டச் சொன்னீங்க. சரி, நாளைக்கு அவர் மிதிப்பார். நீங்க இறங்க வேணாம். உங்கட அல்லாவில சத்தியம் பண்ணி, எனக்கு முந்தித் தெரியாது எண்டு ஒரு சொல் சொல்லுங்க. நாங்க போறம்."

மச்சான் வாயைத் திறந்தார். வல்லாஹி, அல்லாஹ்மேல் ஆணை என்ற சொல்லுக்காக நான் காத்திருந்தேன். அவருடைய உதடு இரண்டு தரம் அசைந்தது. சத்தம் வரவில்லை. மனிதருக்குப் பொய் சொல்வார், கூசாமல் சொல்வார். ஆனால் அந்தச் சொல்லைப் போட்டுப் பொய் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அந்த அளவு ஈமான், இறைநம்பிக்கை அவரிடம் இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன்.

"என்ன தம்பி, சொல்லுமன்," என்றார் வீரகத்தி.

மச்சான் குலையைக் கீழே வைத்தார். "ஓம்," என்றார் மண்ணைப் பார்த்துக்கொண்டு. "தெரியும். அந்தப் பொடியன் ஒண்டும் செய்யல்ல."

பிறகு எல்லோரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கினார்கள். "எனக்கு அப்பவே தெரியும், கேதீஸ் அப்படிப்பட்ட ஆளா?" என்று சொல்லிக்கொண்டு நேற்று வரை முகம் திருப்பியவர்களெல்லாம் வந்து அவன் தோளைத் தட்டினார்கள். அதைப் பார்க்க எனக்கு வாந்தி எடுத்ததைவிட மோசமாக இருந்தது. லொறியைத் திருப்பி அனுப்புவோம் என்று ஒருவர் சத்தம் போட்டார். விடிந்தால் தீமிதிப்பு, இனி எங்கே போய்ப் பழம் எடுக்க, பழம் என்ன பாவம் செய்தது என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லாக் குலைகளும் இறங்கின. கேதீஸ் கையைக் கூப்பி எனக்கு ஒரு கும்பிடு போட்டான். நான் அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன்.

திருவிழா முடிந்து சில நாள் கழித்து அவன் மாம்புரிக்கு வந்தான். கூடாரத்தில் விட்டுப்போன, வேலைக்குக் கட்டுகிற சாரமும் கத்தியும் எடுக்க வேண்டும் என்றான். நடையில் ஒரு இழுப்பு இருந்தது. கூடார வாசலில் இருக்கச் சொல்லி, என்ன கால் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இடது செருப்பைக் கழற்றினான். விரலடியில் இரண்டு கொப்புளம். ஒன்று உடைந்து மஞ்சள் அப்பியிருந்தது.

"எப்ப கேதீஸ்?"

"அண்டைக்கேதான் ராத்தா. நாலாவது அடியிலேயே சுட்டுது. விரதத்தில ஒரு குறையும் விடல்ல. ஆனாச் சுட்டிட்டுது."

"ஆரும் பாத்தாங்களா?"

"ஆரும் பாக்கல்ல. அந்தப் பொடியன்கூட ஃபோனை வேற பக்கம் திருப்பிட்டான்."

அந்தக் காலை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலாவியில் நான் ஒரு பஸ்ஸைத் தவற விட்டிருந்தால் இந்த இரண்டு கொப்புளமும் போதும், அவன் ஆயுள் முழுக்கக் குற்றவாளி.

"திரும்பி வேலைக்கு வாறியா?"

"இந்தக் காணிக்குள்ள இனி வரமாட்டன் ராத்தா. நீங்க வேற எங்கயும் கூடாரம் போட்டாச் சொல்லுங்க." சாரத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பினான். என்னதான் மெதுவாக வைத்தாலும் அந்தக் கால் நொண்டத்தான் செய்தது.

கிடங்கடியில் இனாஸ் மச்சான் நின்றார். அவனையே பார்த்தார். வாய் நிறையப் பழம்.

"என்ன ஷஃபீனா," என்று அங்கிருந்தே கத்தினார், கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது, "காலு வெந்திரிக்கோ?"

கேதீஸ் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல," என்றேன். "முள்ளு குத்திரிக்கி."

"மெய்தானா?"

"வல்லாஹி," என்றேன்.